ஃபெரிட்டின் 412: ஹார்ட் அட்டாக் வருமா?

திருமங்கலத்தான்:
அண்ணனுக்கு வயசு 48. மாஸ்டர் செக்கப்புல ஃபெரிட்டின் (உடம்புல இரும்பைச் சேத்து வைக்கிற புரதம்) 412 வந்திருக்கு, ரிப்போர்ட்ல 300 வரைதான் நார்மல்னு போட்டிருக்கு. ஹீமோகுளோபின் 15.1, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 240, எஸ்ஜிபிடி (ஈரல் டெஸ்ட்) 62. இரும்பு கூடினா ஹார்ட் அட்டாக் வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் எல்லாம் நிறுத்தியாச்சு. ரத்தம் குடுத்தா இறங்குமாமே, குடுக்கலாமா?

லேப்காரன்:
412-ஐ மட்டும் வச்சு இரும்பு கூடிருச்சுன்னு சொல்ல முடியாது தம்பி. காய்ச்சல், மூட்டு வீக்கம், கொழுப்பு ஈரல், குடி, எது இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். முதல்ல டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பாருங்க, ரத்தத்துல இரும்பைச் சுமக்கிற புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குன்னு அது சொல்லும். சீரம் அயர்னை (ரத்தத்துல ஓடுற இரும்பு) டிஐபிசியால (ரத்தம் மொத்தமா சுமக்கக்கூடிய இரும்பு அளவு) வகுத்து 100-ஆல பெருக்கணும்: அயர்ன் 90, டிஐபிசி 320-ன்னா 28 சதவீதம். டெஸ்டுக்குக் காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும். சத்து மாத்திரை சாப்பிட்டா முந்தின நாளே நிறுத்திடணும், இல்லன்னா அயர்ன் பொய்யா ஏறிக் காட்டும். உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி டெஸ்டும் சேத்து எடுங்க. சமீபத்துல காய்ச்சல் வந்திருந்தா மூணு வாரம் கழிச்சுப் போங்க.

வடக்குமாசி:
அந்த ஹார்ட் அட்டாக் பயம் சும்மா கிளம்பினதில்ல. மாதவிடாய்ல இரும்பு போறதாலதான் பெண்களுக்கு மாரடைப்பு கம்மியோன்னு 1981-ல ஜெரோம் சல்லிவன் கேட்டார். 1992-ல பின்லாந்துல 1,931 ஆண்களைப் பாத்ததுல, ஃபெரிட்டின் 200-க்கு மேல இருந்தவங்களுக்கு மாரடைப்பு 2.2 மடங்கு. ஆனா அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுல அந்தத் தொடர்பு நிக்கல. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ள 1,277 பேர்ல ஒரு பாதிக்கு ரத்தம் எடுத்து இரும்பைக் குறைச்சுப் பாத்தாங்க, 2007-ல முடிவு வந்துச்சு: சாவும் மாரடைப்பும் சொல்லும்படியா குறையல.

லேப்காரன்:
சாச்சுரேஷன் 45 சதவீதத்தைத் தாண்டி, மறுபடி எடுத்தும் அப்படியே இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட விடாம காட்டுங்க. தலசீமியா மைனர் (பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாட்டோட லேசான வகை) இருக்கான்னும் பாக்கணும்.

மேலூர் பக்கம்:
என் கண்ணுக்கு 412-ஐ விட 240-உம் 62-உம்தான் உறுத்துது. ரெண்டும் சேந்தா கொழுப்பு ஈரல் சந்தேகம் வரும், வயித்து ஸ்கேன் எடுங்க. தொப்புள் மட்டத்துல இஞ்சி டேப் வச்சா 90 செ.மீ.க்கு மேலயா? அப்போ சுவரொட்டியை விட ராத்திரி 11 மணி பரோட்டா சால்னாவைத்தான் முதல்ல நிறுத்தணும். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட், இதயத்துக்குக் கணக்கு இங்கதான். ரத்த தானம்னா 350 மி.லி.க்கு ஏறக்குறைய 170 மி.கி. இரும்பு போகும். ஈரல் கொழுப்பால ஏறின ஃபெரிட்டின் அதுல கரையாது. தானமா குடுக்கணும்னா பெரியாஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போங்க, 90 நாள் இடைவெளி, சாப்பிடுற மாத்திரையை எல்லாம் மறைக்காமச் சொல்லணும்.

திருமங்கலத்தான்:
சாச்சுரேஷன் 31. ஸ்கேன்ல கிரேடு 1 கொழுப்பு ஈரல். எல்டிஎல் 168 இருக்கு.

மேலூர் பக்கம்:
அந்த 168-ஐ எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. சுவரொட்டி மாசத்துக்கு ரெண்டு தடவை போதும், எண்ணெயைக் கம்மி பண்ணி.