சந்திரபாபு நூற்றாண்டு மலர்: அச்சுப்படியில் பிழை, தலைக்கு 2,000 ரூபாய்

சங்கச் செயலாளர், துபாய்

அன்புள்ள உறவுகளே,
நம் தூத்துக்குடி தந்த நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு பிறந்து 2027 ஆகஸ்டில் நூறு வருஷம். பனிமய மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் கையில் மலர் இருக்க வேண்டுமானால் ஜூலை 26 கொடியேற்றத்துக்கு முன்பே அச்சாகி வந்தாக வேண்டும். மலருக்கும், அவர் பாடிய பழைய இசைத்தட்டுகளை வாங்கி ஒலிக்கோப்பாக மாற்றவும் சேர்த்துத் தலைக்கு 2,000 ரூபாய் கேட்கிறோம். போன வாரம் ஊருக்குப் போன என் கொழுந்தியாள் அச்சகத்தில் முதல் படியைப் பார்த்துப் பதறிப்போய்ப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கத்திலேயே “குடியால் கெட்ட சிரிப்பு நடிகர்” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. யார் எழுதிக்கொடுத்தது என்று தெரியும், இங்கே வேண்டாம். திருத்தங்களைப் பத்து நாளுக்குள் அனுப்புங்கள்.

மஸ்கட்டிலிருந்து

அண்ணாச்சி, அந்தத் தலைப்பை முதலில் எடுங்க. அவர் பேர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். மாதா பேரைச் சுமந்த பிள்ளை. படியில் அந்தப் பேரே இல்லை! சந்திரபாபு என்பது சந்திரகுலத்தைச் சொல்ல அவரே வைத்துக்கொண்டது, சினிமாக் கம்பெனி வைத்தது இல்லை. குடும்பம் கொழும்புக்குப் “பிழைக்கப் போனது” என்று போட்டிருக்கிறீர்கள். அவர் அப்பா விடுதலைப் போராட்டக்காரர், ‘சுதந்திர வீரன்’ பத்திரிகை நடத்தியவர். அதற்குக் கொடுத்த விலைதான் கொழும்பு. 1943-ல் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியிருந்தார்கள், அப்பா தினமணியில் வேலை பார்த்தார். பையனுக்கு முதல் படம் 1947-ல் ‘தன அமராவதி’.

‘சபாஷ் மீனா’ (1958) பற்றி ஒரே வரி! அதில் அவருக்கு இரட்டை வேஷம். ஒன்று ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் சென்னைப் பாஷையை அந்த ஊர்க்காரனே நம்பும்படி பேசினார். ‘சகோதரி’ (1959) எடுத்து முடித்தபிறகு படம் சோர்வாக இருக்கிறதென்று ஏவி.எம். இவருக்கென்றே தனிப் பகுதி எடுத்துச் சேர்த்தது. துணை நடிகர் ஒருவரை நம்பி முழுப் படத்தையும் தூக்கி நிறுத்தினார்கள். அதை எழுதுங்க.

கொழும்புக்குத் தோணி ஓடிய காலத்தில் அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என்று இல்லாத குடும்பம் நம்ம தெருவில் எது? அந்தக் கடல் வழியெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கு.

டொரன்டோவிலிருந்து

குடி என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். பணம் எப்படிப் போனது என்பது மலரில் வர வேண்டும். உச்சத்தில் இருந்தபோது கிரீன்வேஸ் சாலையில் வீடு கட்டினார், கார் நேரே மாடிவரை ஏறிப்போகும் வீடு. பிறகு எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்று சொந்தப் படம் தொடங்கினார். கால்ஷீட் தகராறில் அது பாதியில் நின்றது. பாதிப் படம் என்பது பாதிச் சொத்து இல்லை. எடுத்த ஃபிலிமுக்கு விலை கிடையாது, கொடுத்த முன்பணம் திரும்பாது, கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வீடு கைவிட்டுப் போனது அப்படித்தான். 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தானே இயக்கினார், அதுவும் மீட்டுக் கொடுக்கவில்லை. நடித்துச் சம்பாதித்ததைத் தயாரிப்பில் இறக்கியதுதான் முதல் அடி, குடி அதற்கு மேல் ஏறியது. அவர் பக்கத்திலும் தப்பு உண்டு. ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படப்பிடிப்பில் அவரால் பட்ட பாட்டைத் தயாரித்த கண்ணதாசனே எழுதிவைத்திருக்கிறார். அதையும் மறைக்காமல் போடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கேள்வி. அச்சகத்துக்கு முன்பணம் போய்விட்டதா? ரசீது எங்கே? கிணறு தூர்வாரிய கணக்கு இன்றுவரை வரவில்லை.

மஸ்கட்டிலிருந்து

கிணற்றுக் கணக்குக் கேட்கிறவர், தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் நின்றபோது யார் வீட்டு வாசலுக்கு வந்தார் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரிலிருந்து

சண்டையை விடுங்கள். தட்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

50களின் பாட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில்தான் கிடைக்கும். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் பிடிக்கும். பாட்டு நீளமானால் வெட்டியிருப்பார்கள், அல்லது இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பார்கள். ஆகவே படத்தில் கேட்டதும் தட்டில் கேட்பதும் ஒன்றாக இருக்காது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், நடு லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் படிக்கும். 78-க்கு 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். முதல் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் மட்டும் இரைச்சலை எடுங்கள், அதுவும் கொஞ்சமாக. அடிக்குரலிலிருந்து சட்டென்று உடைத்து மேலே தாவி அவர் யோடலிங் போடும் இடத்தில், இரைச்சலோடு குரலின் நுனியும் வழிக்கப்பட்டுப் போய்விடும். அது போனால் மிச்சம் இருப்பது சந்திரபாபு குரலே இல்லை.

படியில் உள்ள பாட்டுப் பட்டியலில் இரண்டு பிழை. ‘மரகதம்’ (1959) ‘குங்குமப் பூவே’ தனிப்பாட்டு இல்லை, ஜமுனாராணியும் உண்டு. ‘பெண்’ (1954) படத்தில் அவர் பாடியது எஸ். பாலசந்தருக்காகக் கொடுத்த பின்னணிக் குரல். படத்தில் பாட்டுக்கு வாயசைப்பவர் பாலசந்தர்.

உரிமை விஷயம்: ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 வருஷம். ‘அன்னை’ (1962) அதைத் தாண்டிவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, ஆக்கியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருஷம். ‘உனக்காக எல்லாம் உனக்காக’ எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் போய்விட்டார், வரிகளை அச்சடிக்கலாம். கண்ணதாசன் மறைந்தது 1981. ‘அன்னை’யில் அவர் எழுதிய ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’ வரிகளை முழுதாகப் போட அனுமதி வேண்டும். எம்.எஸ். விஸ்வநாதன் 2015 வரை இருந்தவர், ஆகவே அவர் மெட்டுகளைக் குறுந்தகடாக்கி விநியோகிக்க வேண்டாம். ஒலிக்கோப்பு சங்கக் காப்பகத்தில் இருக்கட்டும்.

மெல்போர்னிலிருந்து

தம்பிமாரே, 1952-ல் வாய்ப்புக் கிடைக்காத வேதனையில் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் உயிரை விடப் பார்த்ததை மலரில் போடலாம், அது நடந்தது. என்ன விழுங்கினார் என்று படியில் விளக்கியிருப்பதை அடியோடு எடுத்துவிடுங்கள். மலர் பிள்ளைகள் கையிலும் போகும். பிழைத்து வந்ததையும், அதே வருஷம் ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவர் நடித்ததையும் எழுதுங்கள். 1958-ல் நடந்த கல்யாணம் நிலைக்கவில்லை என்ற ஒரு வரி போதும், அந்தப் பெண்ணைப் பற்றிய ஊர்க்கதை வேண்டாம். கடைசிப் பக்கத்தில் 1974 மார்ச் 8, வயது 46, சென்னை குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டம் என்று தெளிவாக இருக்கட்டும். சென்னை வழியாக ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகலாம்.

தலைப்பு இப்படி: ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் என்கிற ஜே.பி. சந்திரபாபு, நடிகர், பாடகர், ஆட்டக்காரர், இயக்குநர்.

டொரன்டோவிலிருந்து

அக்கா சொன்ன தலைப்பே இருக்கட்டும். என் 2,000 அனுப்பியாயிற்று. ரசீது எண்ணோடு அனுப்புங்கள், கிணற்றுக் கணக்கையும் சேர்த்து.