சொந்தமாக எஞ்சின் பிரித்துக் கட்டியவர்கள், பார்த்தவர்கள்: மறக்க முடியாத அனுபவம் எது?

திருப்பூர் 800

கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800, எஃப்8பி என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின். சித்தப்பா மகன் ரிங், பேரிங் எல்லாம் மாற்றி வாசலிலேயே கட்டினான். எஞ்சினை வண்டியில் ஏற்றி மாட்டிக் கொடுத்தது மட்டும் வெளியாள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முனகுகிறது, எஞ்சின் சுற்றவில்லை. நல்ல பேட்டரி வைத்தும் அதேதான். சுற்றி நின்ற அத்தனை பேரும் "பேரிங் டைட், மறுபடியும் இறக்கு" என்றார்கள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக ஒருமுறை திருப்பினான். நான் பானெட் பக்கம் நின்றிருந்தேன். ஆக்சிலேட்டர் கேபிளிலிருந்து புகை! அதன் மேலுறை என் கண்ணெதிரே கொப்புளித்து உருகியது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே வர வேண்டிய எர்த் பட்டையை மாட்டாமலே விட்டிருக்கிறார்கள். செல்ஃபின் மொத்த மின்சாரமும் திரும்பிப் போக வழி தேடி அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. பட்டையை மாட்டியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல எஞ்சினை அன்றைக்கு மறுபடியும் பிரித்திருப்போம் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

மீட்டர் இல்லாமல் தொடமாட்டேன்

பட்டை மாட்டினால் போதும் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் ஓர் ஆம்னிக்குப் பட்டை இருந்தது, போல்ட்டும் இறுக்கமாக இருந்தது, செல்ஃப் மட்டும் சோம்பியது. பாடிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தவர்கள் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஆம்னியில் முள் 2 வோல்ட்டைத் தாண்டியது. பெயின்ட்டைச் சுரண்டினோம், சரியாகிவிட்டது.

கொல்லிமலை 70 வளைவு

என்னை உறுத்துவது ஒரு சத்தம். நண்பரின் பழைய கார்பரேட்டர் மாருதி எஸ்டீம், நான்கு சிலிண்டர், 1298 சிசி. வேகம் வேண்டும் என்று சிலிண்டருக்கு மூடியான ஹெட்டைச் சீவி அமுக்க விகிதத்தை (உள்ளே வரும் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) ஏற்றியிருந்தார். சமதளத்தில் அருமையாக இழுத்தது, அதை மறுக்கவில்லை. காரவள்ளி தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், இரண்டாம் கியரில் மிதிக்கும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். "டேப்பட் சத்தம், ஒன்றுமில்லை" என்றார். நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாகத் தானே வெடிக்கும் சத்தம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் மிதித்தார். மேலே போய்ச் சேர்வதற்குள் பின்னால் நீலப் புகை.

பிரித்தபோது ஒரு பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு இடையிலுள்ள வரம்பு உடைந்து துண்டாகக் கையில் வந்தது. கணக்கு எளிது. ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 324 சிசி. 9க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேலே மிஞ்சும் இடம் 40 சிசிதான். அதில் வெறும் 4 சிசி குறைந்தால் விகிதம் 10க்குப் பக்கத்தில் போய்விடும். அப்போது பங்கில் சாதாரணமாகக் கிடைத்ததோ 91 ஆக்டேன் பெட்ரோல்; ஆக்டேன் குறையக் குறைய நாக்கிங் எளிதில் வரும்.

வால்வு வாத்தியார்

கொல்லிமலை நண்பரே, ஹெட்டைச் சீவியதன்மீது முழுப் பழியையும் போடுவதை ஏற்க மாட்டேன். 10க்கு 1 விகிதத்தில், 91 ஆக்டேனில், எத்தனையோ வண்டிகள் கம்பெனியிலிருந்தே வந்தன. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய டைமிங்கிலேயே விட்டிருப்பார். அமுக்கத்தை ஏற்றியவர் ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதப்படுத்தியிருக்க வேண்டும். மிக்சர் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடியதா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. மைத்துனரின் வேகன்ஆர் இழுக்கவில்லை. ஒரு பட்டறையில் ஹெட் வேலை என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். அமுக்கத்தை அளந்தேன், நான்கு சிலிண்டரும் சமம். புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் புகை வெளியேறும்படி விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினோம். வண்டி பாய்ந்தது. கன்வெர்ட்டர் அடைத்துக் கிடந்திருக்கிறது.

எஞ்சினைத் திறக்கும் முன் எல்லோரும் அமுக்கச் சோதனை செய்யுங்கள், அதுவும் முறையாக. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றி அளப்பது வீண். இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டியுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். காற்று வரும் வழியிலுள்ள த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் செத்த எஞ்சினாகத் தெரியும். முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். முதல் அடியில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் அளங்கள். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டரின் உள்சுவர் (போர்) தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் யாரும் உங்களிடம் தேவையில்லாத வேலையைத் தள்ள முடியாது.

பட்டறை மகள்

வால்வு வாத்தியார் ஐயா, சோதனை சரிதான். ஆனால் பிரித்த பிறகு நடப்பவற்றுக்கு அது உதவாதே.

அப்பாவின் லேத் பட்டறைக்கு ஓர் இளைஞர் பாதி கட்டிய 800 எஞ்சினைச் சுமை ஆட்டோவில் கொண்டுவந்தார். கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டை) கடைந்தவர் அளவு தப்பாகக் கடைந்துவிட்டார், சுற்றவில்லை என்று ஒரே புலம்பல். அப்பா பதிலே சொல்லாமல், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் கேப் மூன்றையும் தளர்த்தினார். கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்றியது. முதல் கேப்பை டார்க் ரென்ச்சால் இறுக்கிச் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. இரண்டாவதை இறுக்கியதும் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. இரண்டாம் கேப்பும் மூன்றாம் கேப்பும் இடம் மாறியிருந்தன. ராடையும் கேப்பையும் சேர்த்துப் பூட்டித்தான் துளையைக் கடைவார்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்கு ஒருபோதும் சேராது.

எனக்கு மறக்காதது அதன் பிறகு பார்த்தது. பேரிங் உள்முகம் முழுக்கக் கோடுகள். சுற்ற வைப்பதற்காக அவர் புதுப் பேரிங்கை உப்புத்தாளால் தேய்த்திருந்தார். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, வேறு செட் வாங்கி வா, கூலி வேண்டாம்" என்றார்.

செட்டிப்பாளையம் வெயில்

கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பதில் பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கோன் ஃபில்டர் பற்றி யாருமே பேசவில்லையே. பந்தய வீரர் கரிவர்தன் 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய கோயம்புத்தூர்க்காரன் நான், பேசாமல் இருக்க முடியாது. செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒருவர் எஸ்டீமில் கோன் மாட்டி வந்திருந்தார். பெரியவர் ஒருவர் வெப்பமானியைக் கோன் பக்கத்தில் கட்டிவிட்டார். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65. அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். அதாவது காசு கொடுத்து எஞ்சினுக்கு மூச்சைக் குறைத்திருக்கிறார். முன் கிரில்லிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் கோனைச் சுற்றி மறைப்பு அடித்த பிறகுதான் ஓடும்போது 40க்கு இறங்கியது. எஸ்டீமில் அந்தக் குழாயைப் பேட்டரியை நகர்த்தாமல் கொண்டுவந்தவர்கள் இருந்தால் எந்த வழியாக என்று எழுதுங்கள்.