ஆண்ட்ராய்ட் 13 அப்டேட்டுக்குப் பிறகு டேப் இழுக்கிறது: 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ்

செந்தூரன்77

10 அங்குல டேப். 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், கூடவே 64 ஜிபி மெமரி கார்டு. போன வாரம் ஆண்ட்ராய்ட் 12-இலிருந்து 13-க்கு அப்டேட் ஆனது. அதிலிருந்து எதைத் தொட்டாலும் இழுவைதான். ஹோமுக்கு வந்தால் ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. கீபோர்டு திறக்கவே இரண்டு மூன்று வினாடி ஆகிறது. குரோமில் அடுத்த டேபுக்குப் போய்த் திரும்பினால் முதல் பக்கம் மறுபடி லோடு ஆகிறது. ஆனால் யூடியூப் வீடியோ ஓடத் தொடங்கிவிட்டால் தடங்கலே இல்லை.

ஸ்டோரேஜில் 1.7 ஜிபி மீதி காட்டுகிறது. ஆன்லைன் வகுப்பு, பிடிஎஃப், வாட்ஸ்அப் வெப், யூடியூப், இவ்வளவுதான் பயன்பாடு. ராத்திரி ஸ்விட்ச் ஆஃப் பண்ணிவிட்டுக் காலையில் சார்ஜ் போடுவது வழக்கம். ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகுமா? பழைய 12-க்கே திரும்ப வழி உண்டா?

பழுதுபட்டறை

வீடியோ நன்றாக ஓடுகிறது, ஆப் திறக்கத்தான் நேரமாகிறது என்றால் பிராசசரையோ ஸ்கிரீனையோ சந்தேகப்பட வேண்டாம். வீடியோவுக்குத் தனி டீகோடர் சிப்பிலேயே இருக்கிறது. ஐகான் தாமதமாக வருவதும், குரோமில் டேப் மாறினால் பக்கம் மறுபடி லோடு ஆவதும் ரேம் பற்றவில்லை, ஸ்டோரேஜ் மூச்சு வாங்குகிறது என்பதற்கான அடையாளங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு இடம் உறுத்துகிறது: 1.7 ஜிபி மீதி என்பது ஒன்று, ராத்திரி ஸ்விட்ச் ஆஃப் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஆண்ட்ராய்ட் 7 முதல், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஆப்களின் எந்தெந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது என்று குறித்து வைத்து, அந்தப் பகுதிகளை மட்டும் பிராசசருக்கு நேரடியாகப் புரியும்படி கம்பைல் செய்து ஸ்டோரேஜில் வைத்துக்கொள்கிறது. பெரிய அப்டேட் வந்ததும் சிஸ்டத்தின் அடிப்படைக் கோப்புகள் மாறிவிடுவதால், பழைய கம்பைல் கோப்புகள் செல்லாமல் போய்விடும். திரும்பச் செய்து முடிக்கும்வரை ஒவ்வொரு ஆப்பும் ஓட ஓடத்தான் மொழிபெயர்த்துக்கொள்ளும். அந்த மறு கம்பைல் வேலை எப்போது நடக்கும் தெரியுமா? டேப் ஆனில் இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், ஸ்கிரீன் அணைந்து அரை மணி நேரமாவது யாரும் தொடாமல் இருக்க வேண்டும். இரவெல்லாம் ஸ்விட்ச் ஆஃப், பகலில் சார்ஜ் ஏறும்போதே வகுப்பு என்றால் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. ஒரு வாரம் கழித்தும் முதல் நாள் போலவே இழுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அழித்த கோப்புகளின் இடத்தை ஸ்டோரேஜ் சிப்புக்குத் தெரிவிக்கும் ட்ரிம் வேலையும் இதே ஓய்வு நேரத்தில்தான் நடக்கிறது. அது நடக்காவிட்டால் எழுதும் வேகம் நாளுக்கு நாள் குறையும். 2012-இல் வந்த நெக்ஸஸ் 7 டேப்களில் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்ட் 4.3-இல்தான் ட்ரிம் தானாக ஓடும் ஏற்பாடு வந்தது.

ஆகவே, மூன்று இரவு ஸ்விட்ச் ஆஃப் செய்யாமல், வைஃபையோடு, சார்ஜில் போட்டு வையுங்கள். கவரைக் கழற்றிவிடுங்கள், சூடு அடங்கும். அதற்கு முன் பிளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட் செய்துவிடுங்கள், குறிப்பாக ஆண்ட்ராய்ட் சிஸ்டம் வெப்வியூவையும் (ஆப்களுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) குரோமையும். இல்லையென்றால் கம்பைல் முடிந்த பிறகு ஆப் அப்டேட் வந்து அந்த வேலையை மறுபடி செய்ய வைக்கும்.

ஓடைமீன்

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும் ப்ரோ. ஃபேக்டரி ரீசெட், ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் எல்லாரும் பண்றதுதான்.

வளர்மதி_எஸ்

ஓடைமீன், ரீசெட் தப்பில்லை, முதல் மருந்தாகக் கொடுப்பதுதான் தப்பு. ரீசெட் ஆனதும் எல்லா ஆப்பும் புதிதாக இறங்கும், படங்களுக்கு மறுபடி அட்டவணை போடும், கம்பைல் முதலிலிருந்து தொடங்கும். செந்தூரன் அன்று ராத்திரியும் ஸ்விட்ச் ஆஃப் செய்தால், ரீசெட் போட்டும் சரியாகவில்லையே என்று இங்கே வந்து நிற்பார்.

செந்தூரன், 1.7 ஜிபி கதைக்கு வருவோம். இந்த விலையில் வரும் டேப்களில் இருப்பது இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். விலை கூடிய டேப்களில் உள்ள யுஎஃப்எஸ் போல ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இதனால் முடியாது, ஒன்று முடிந்தால்தான் மற்றது. காலி இடம் குறையக் குறைய, புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் பழைய துண்டுகளை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் வேலை சிப்புக்குக் கூடுகிறது. நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டும்போது அது அந்த வேலையில் மாட்டியிருந்தால் கீபோர்டு காத்துக்கொண்டு நிற்கும்.

இடம் குறைவு என்ற எச்சரிக்கை வரவில்லையே என்று நினைக்காதீர்கள். வழக்கமாக ஆண்ட்ராய்ட் அந்த எச்சரிக்கையைக் காட்டுவது மொத்த இடத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இதில் எது குறைவோ அதற்குக் கீழே போன பிறகுதான். 32 ஜிபி டேபில் அது 500 எம்பி. அதற்கு வெகு முன்பே வேகம் விழுந்துவிடும். குறைந்தது 5 ஜிபி காலியாக வைக்கப் பாருங்கள்.

எங்கே இடம் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப் வீடியோ, யூடியூபில் டவுன்லோடு செய்து வைத்தவை, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பிடிஎஃப் நாலு பிரதி. ஃபைல்ஸ் ஆப்பில் பெரிய கோப்பு முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆப்களில் கிளியர் கேஷ் கொடுப்பதில் ஆபத்தில்லை, கேஷ் என்பது வேகத்துக்காக ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கோப்புகள்தான். பக்கத்திலேயே கிளியர் ஸ்டோரேஜ் என்று இன்னொரு பட்டன் இருக்கும், அதைத் தட்டினால் அந்த ஆப்பில் உள்ள லாகின், சேமித்தவை எல்லாம் போய்விடும். அவசரத்தில் விரல் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஷை தினமும் அழிப்பது வீண் வேலை. மறுநாள் அதையே திரும்ப எழுதும், ஸ்டோரேஜ் தேய்வதுதான் மிச்சம்.

கணினிக்காரன்

ஒன்று சேர்க்கிறேன். செட்டிங்ஸில் மெமரி அல்லது டிவைஸ் கேர் பகுதியில் விர்ச்சுவல் ரேம், ரேம் எக்ஸ்டென்ஷன், ரேம் பிளஸ் என்று ஏதாவது ஆனில் இருக்கிறதா பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: ஸ்டோரேஜில் 2 அல்லது 4 ஜிபியை எடுத்து ரேம் போலக் காட்டுவது. வேகமான ஸ்டோரேஜில் பரவாயில்லை. இஎம்எம்சியில், அதுவும் நிரம்பிக் கிடக்கும் இஎம்எம்சியில், இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஏற்கெனவே திணறும் சிப்பின் தலையில் ரேம் வேலையையும் ஏற்றுவதுதான் இது. ஆஃப் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். சில டேப்களில் பெரிய அப்டேட்டோடு இது புதிதாக வந்து தானாக ஆன் ஆகியிருக்கும்.

ரேம் கிளீனர், பூஸ்டர் எதுவும் வேண்டாம். பின்னால் இருக்கும் ஆப்களை அது கொல்லும், அவற்றில் பாதி உடனே திரும்ப எழும், எழும்போது ஸ்டோரேஜிலிருந்து மறுபடி படிக்கும். ரீசன்ட்ஸில் போய் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி மூடும் பழக்கத்துக்கும் இதே பலன்தான்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்க அபவுட் டேப்லெட்டில் பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். உள்ளே விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் என்ற மூன்று அளவுகள் 1 என்று இருக்கும், மூன்றையும் 0.5 ஆக்குங்கள். உண்மையான வேகம் கூடாது, ஆனால் ஒவ்வொரு அசைவிலும் காத்திருப்பது குறையும். அங்கேயே பேக்கிரவுண்ட் பிராசஸ் லிமிட் என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள், வகுப்பு நடுவில் ஆப் மூடிக்கொள்ளும். எப்படியும் ரீஸ்டார்ட் ஆனால் அது பழையபடி ஆகிவிடும்.

12-க்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பூட்லோடரை, அதாவது டேப் எழும்போது முதலில் ஓடி ஆண்ட்ராய்டை ஏற்றும் நிரலின் பூட்டை, திறக்க வேண்டும், திறந்தாலே டேட்டா எல்லாம் அழியும். பல டேப்களில் பழைய பதிப்பை ஏற்காதபடி தடை வைத்திருப்பார்கள், மீறி ஏற்றினால் டேப் எழவே எழாமல் போகலாம். பூட்லோடர் திறந்த டேபில் பல பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். விட்டுவிடுங்கள்.

செந்தூரன்77

எல்லோருக்கும் நன்றி. விர்ச்சுவல் ரேம் 2 ஜிபி ஆனில்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் வீடியோ, பிடிஎஃப் எல்லாம் கழித்து இப்போது 6 ஜிபி காலி. ஸ்விட்ச் ஆஃப் செய்யாமல் ராத்திரி சார்ஜிலும் போட்டாயிற்று. ஹோம் ஸ்கிரீன், கீபோர்டு இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் கேலரி திறந்தாலும், பிடிஎஃப் ஆப்பில் கோப்பு தேடினாலும் டேப் முழுக்க உறைந்து நின்று பிறகு நகர்கிறது. ஆப் ஏதாவது காரணமாக இருக்குமா?

பழுதுபட்டறை

கேலரியும் கோப்புத் தேடலும் மட்டும் என்றால் எனக்குக் கார்டு மேல்தான் சந்தேகம். முதலில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து கார்டு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தனி கார்டாக, போர்ட்டபிள் என்று இருந்தால் அன்மவுண்ட் கொடுத்து வெளியே எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மட் ஆகியிருந்தால் அப்படி உருவக் கூடாது. அதில் ஆப்களும் அவற்றின் டேட்டாவும் இருக்கும், பாதி ஆப் காணாமல் போகும். முதலில் அதே மெனுவில் டேட்டாவை டேபுக்கு நகர்த்துங்கள். இடம் போதாவிட்டால் ஆப்களைக் குறைத்துவிட்டு நகர்த்துங்கள்.

எடுத்ததும் உறைவது நின்றுவிட்டால் குற்றவாளி கார்டுதான். அப்டேட்டுக்குப் பிறகு படங்களையெல்லாம் மறுபடி அட்டவணை போடும்போது, கார்டில் படிக்க முடியாத ஒரு இடத்தில் போய் மோதி மோதி நிற்கும். கார்டை கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். நகல் ஏதாவது ஒரு கோப்பில் நின்றாலோ பிழை காட்டினாலோ அந்தக் கார்டு இனி ஆகாது. நகல் முழுதாக வந்துவிட்டால் ஃபார்மட் செய்து மறுபடி பயன்படுத்திப் பார்க்கலாம்.

புதிது வாங்கினால் மேலே பெரிதாக அச்சடித்த எம்பி வேகத்தைப் பார்க்காமல் ஏ1 அல்லது ஏ2 குறி இருக்கிறதா பாருங்கள். சின்னச் சின்னக் கோப்புகளைக் கையாளும் திறனுக்கான குறி அது. ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கும், 500 முறை எழுதும். உங்கள் வேலைக்கு ஏ1 போதும்.

வளர்மதி_எஸ்

கார்டு நல்லதாக இருந்தால் சேஃப் மோட். பவர் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் பவர் ஆஃப் என்பதையே அழுத்திப் பிடியுங்கள், சேஃப் மோடில் ரீபூட் ஆகட்டுமா என்று கேட்கும். நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அங்கே கேலரி சரளமாகத் திறந்தால் நிறுவிய ஆப்பில் ஒன்றுதான் காரணம். கடைசியாகச் சேர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முதலில் ஆன்டிவைரஸ், கிளீனர், வேறு லாஞ்சர் (ஹோம் ஸ்கிரீனை மாற்றும் ஆப்), ஆப் லாக் வகைகள். சாதாரண ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட்கள் சில கலைந்திருக்கலாம், திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.

நாகலிங்கப்பூ

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பழைய ஐபேடுக்கும் இதே வைத்தியம்தானா? வீட்டில் உள்ளது அப்டேட்டுக்குப் பிறகு சூடாகவும் இருக்கிறது, ஸ்லோவாகவும் இருக்கிறது.

கணினிக்காரன்

பாதி ஒன்றுதான். அப்டேட் முடிந்ததும் ஐபேடும் தேடலுக்கான அட்டவணையையும் போட்டோக்களில் உள்ள முகங்களையும் மறுபடி அலசும். பூட்டி சார்ஜில் வைத்தால் அந்த வேலை வேகமாக முடியும். முதல் சில நாள் சூடு அதனால்தான். ஜெனரல் பகுதியில் ஐபேட் ஸ்டோரேஜ் திறந்து, பயன்படுத்தாத ஆப்களுக்கு ஆஃப்லோடு கொடுத்தால் ஆப் போகும், அதன் டேட்டா இருக்கும். ஆக்சசிபிலிட்டியில் ரெடியூஸ் மோஷன், ரெடியூஸ் டிரான்ஸ்பரன்சி இரண்டையும் ஆன் செய்யுங்கள், பழைய ஐபேடில் இரண்டாவதற்குப் பலன் அதிகம். பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷையும் அணைக்கலாம். சிஸ்டம் டேட்டா என்று பல ஜிபி காட்டி, ஒரு வாரத்திலும் இறங்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து ரீஸ்டோர் செய்வதுதான் வழி. பழைய பதிப்பை நிறுவ ஆப்பிளின் டிஜிட்டல் கையொப்பம், அதாவது அனுமதி, வேண்டும்; அதைக் கொடுப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிடும், அதன்பின் பின்னால் போக முடியாது.

ஓடைமீன்

சரி, எல்லாம் பண்ணியும் மசியலன்னா ரீசெட்தானே கடைசி? அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு யாராவது சொல்லிடுங்க, நிறைய பேர் அதுலதான் மாட்டறாங்க.

வளர்மதி_எஸ்

ஆமாம், அப்போது ரீசெட்தான். டேபில் எந்த கூகுள் கணக்கு இருக்கிறதோ அதன் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று வேறு போனில் லாகின் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில டேப்களில் ரீசெட் முடிந்தும் பழைய கணக்கைக் கேட்கும், தெரியாவிட்டால் டேப் பூட்டியே கிடக்கும். லாகினுக்கான ஒருமுறைக் குறியீட்டைத் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இந்த டேபில் மட்டும் இருந்தால் அதை முதலில் வேறு போனுக்கு மாற்றுங்கள். கார்டை வெளியே எடுத்து வையுங்கள், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

ரீசெட் ஆனதும் பழைய பேக்கப்பிலிருந்து எல்லா ஆப்பையும் இறக்கட்டுமா என்று கேட்கும். அங்கே எல்லாவற்றையும் டிக் எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் எடுங்கள். பழைய குப்பை 60 ஆப்பும் அப்படியே திரும்ப வந்தால் ரீசெட் போட்டதற்கு அர்த்தமில்லை. கம்பெனியோடு வந்த, அழிக்க முடியாத ஆப்களுக்கு ஆப் இன்ஃபோவில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கொடுத்து, பிறகு டிசேபிள் கொடுங்கள். அந்த வரிசையில் செய்தால் அப்டேட்டுக்குப் பிடித்திருந்த இடமும் திரும்பக் கிடைக்கும்.