ஆகாரமா, முகடா?

அட்டனிலிருந்து:
வியாழக்கிழமை கணிதப் பயிற்சித்தாள் போட்டோகொப்பிக்குப் போக வேண்டும். ஏழு பேர் ஒரு நாளில் எடுத்த கொழுந்து, கிலோவில்: 12, 15, 18, 18, 18, 20, 25. கூட்டினால் 126, ஏழால் வகுக்க இடை 18. நடு ஆள் எடுத்ததும் 18, அது இடையம். அதிகம் பேர் எடுத்ததும் 18தான், அதற்கு நம் இலங்கைப் புத்தகத்தில் ஆகாரம், ஆங்கிலத்தில் மோட். சொன்னதுமே வகுப்பு சிரிக்கிறது, "டீச்சர், இன்டர்வலுக்கு இன்னும் நேரம் இருக்கே." வேறு சொல் போடலாமா?

கண்டியிலிருந்து:
டீச்சர், குற்றம் சொல்லில் இல்லை, எழுத்தில். வடமொழியில் வடிவத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என இரண்டு சொல், தமிழில் எழுதினால் இரண்டும் ஆகாரம். தமிழ்நாட்டில் முகடு என்கிறார்கள். எத்தனை பேர் எத்தனை கிலோ என்று வரைந்தால் 18 என்ற இடத்தில்தான் உச்சி நிற்கும். மலையில் பிறந்த பிள்ளைக்கு முகடு என்னவென்று சொல்லியா கொடுக்க வேண்டும்? உச்சி இரண்டு வந்தால் இருமுகடு.

பதுளையிலிருந்து:
முகடு எதற்கு, மோடு இருக்கிறதே! மேடு, மோடு எல்லாம் உயரம்தான். ஆங்கிலத்தில் மோட், தமிழில் மோடு, ஒலியும் பொருளும் ஒன்றாக வருவது சும்மாவா?

கண்டியிலிருந்து:
சும்மாதான் ஐயா. அது லத்தீன் மோடுஸ், அளவு, முறை என்ற பொருள். உங்கள் மேட்டுக்கும் அதற்கும் சொந்தபந்தம் இல்லை. மோட்டுக்கு வயிறு என்றும் பொருள் உண்டு, ஆகாரத்திலிருந்து தப்பி அங்கேயா போய் விழுவது? போதாததற்கு நம் பிள்ளைகள் மோடன், அதாவது முட்டாள், என்று கத்துவார்கள்.

நுவரெலியாவிலிருந்து:
என்ன சொல் போட்டாலும் பரீட்சைத் தாளில் ஆகாரம்தான் வரும், பிள்ளை முழிக்கக் கூடாது. அதைவிட, டீச்சர் இன்னொரு குழுவையும் சேருங்கள்: 17, 18, 18, 18, 18, 18, 19. இடை, இடையம், ஆகாரம் மூன்றும் இங்கேயும் 18. ஆனால் வீச்சு முதல் குழுவில் 13, இதில் 2. எண்கள் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று காட்டும், உயர்தரத்தில் படிக்கும் நியம விலகல் பார்த்தால் 3.74, 0.53. தமிழ்நாட்டில் அதற்குத் திட்ட விலக்கம், அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. 12 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும்போது இடை 18 என்று சொல்லி என்ன பிரயோசனம்? வீச்சு என்ற சொல்லை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா? வலை வீசுகிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனை.

அட்டனிலிருந்து:
சரி, ஆகாரம் (முகடு) என்று போட்டுவிட்டேன். இரண்டாவது குழுவும் சேர்த்தாயிற்று. நன்றி.

பதுளையிலிருந்து:
அந்த அடைப்புக்குறிக்குள் மோட்டுக்கும் இடம் இருந்தது.