மானாவாரியைக் கெடுத்தது மழையா, மக்காச்சோளமா?

கரிசல்காட்டான்:
கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கரிசல். புரட்டாசியில் புழுதி விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், மக்காச்சோளம் போட்டோம். ஒரு தூறலில் முளைவிட்டது. பிறகு பதினெட்டு நாள் வெயில். முளை சுருண்டு கருகியது. மறுபடி விதை வாங்கிப் போட்டு, பயிர் முழங்கால் உயரம் வந்ததும் கார்த்திகை அடைமழை. காட்டில் நான்கு நாள் தண்ணீர் நின்று வேர் அழுகிவிட்டது. பருவநிலை மாறிவிட்டது, இனிப் பஞ்சாங்கம் பார்த்து விதைக்க முடியாது.

ஒற்றைமாட்டு வண்டி:
வடகிழக்குப் பருவமழை என்றைக்கு அண்ணாச்சி சொன்னபடி பெய்தது? எங்கள் தாத்தாவையும் ஏமாற்றியது. அவர் அதை நம்பாததால்தான் கம்பு, சோளம், உளுந்து, கருங்கண்ணிப் பருத்தி என்று கலந்து போட்டார். நாம் கோழித்தீவன விலைக்கு ஆசைப்பட்டுக் காடு முழுக்க மக்காச்சோளம் ஆக்கினோம். பூக்கும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் அதில் மணி பிடிக்காது. 2018-இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தபோது மாற்றுப் பயிர் இல்லாமல் நின்றதும் அதனால்தான்.

கரிசல்காட்டான்:
தாத்தா 2016-ஐப் பார்த்தாரா? அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டுச் சராசரியே 70-க்குக் கீழே! எந்தக் கம்பு இதைத் தாங்கும்? தாங்கினாலும் கதிரில் பால் பிடித்ததும் குருவியும் மயிலும் வந்துவிடும். காவலுக்கு ஆள் எங்கே?

கண்மாய்க்கரை:
புழுதி விதைப்பில் விதையை எவ்வளவு ஆழம் போட்டீர்கள்? 5 செ.மீ. ஆழத்தில் கிடந்தால் தூறலுக்கு முளைக்காது, 20 மி.மீ.க்கு மேல் நல்ல மழை இறங்கினால்தான் முளைக்கும். மேலாகத் தூவினால் இப்படித்தான் ஆகும். வெயிலையும் விட்டுவிடாதீர்கள். இரவுப் புழுக்கம் கூடினால் உளுந்தில் பூ உதிர்கிறது, காய் பிடிப்பதில்லை.

கரிசல்காட்டான்:
டிராக்டரில் விதைத்தோம். ஆழத்தை நான் அளந்து பார்க்கவில்லை, அது என் தவறுதான். அடைமழைக்கு என்ன பதில்?

கண்மாய்க்கரை:
வடிகால் வாய்க்கால். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் அதை உழுது சேர்த்துக்கொண்டிருப்பார், போய்ப் பாருங்கள்.

ஒற்றைமாட்டு வண்டி:
மயில் விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் வருகிற புரட்டாசிக்கு ஓர் ஏக்கரில் மட்டும் கம்பு போடுங்கள் அண்ணாச்சி. விதை நான் தருகிறேன்.

கரிசல்காட்டான்:
விதை கிடக்கட்டும். மயில் விரட்ட வருவீர்களா?