“யாரோ நினைக்கிறாங்க” என்று விட்டுவிட்டோம்: தசை அழற்சியும் விழுங்குதலும்

திருச்சியிலிருந்து, மகள்:

தண்ணீர் குடித்தாலே அம்மாவுக்குப் புரையேறும். “யாரோ நினைக்கிறாங்க” என்று தலையில் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். நான்கு மாதம் இப்படியே போயிற்று. அதற்கு முன்பே கண் இமை ஊதா நிறத்தில் தடித்திருந்தது, விரல் முட்டிகளில் சிவப்புத் திட்டு. அலர்ஜி என்றோம். தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வயசு என்றோம். அம்மாவுக்கு 52தான். மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மிளகு ரசம் மூக்கு வழியாக வந்துவிட்டது. அம்மா துடித்த துடிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா பயந்துபோய் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் இமையைப் பார்த்ததும் ரத்தத்தில் சி.பி.கே. பார்க்கச் சொன்னார். தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. 200 வாக்கில் இருக்க வேண்டியது 4,000ஐத் தாண்டியிருந்தது. டெர்மடோமயோசைட்டிஸ், தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி நோய். தொண்டையும் உணவுக்குழாயின் மேல்பகுதியும் கை கால் மாதிரியே வரித்தசை, தோளைத் தாக்கும் அழற்சி அங்கேயும் தாக்கும் என்று மூட்டு, தசை நோய் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர் விளக்கினார். எண்டோஸ்கோபியில் புண்ணோ கட்டியோ இருந்தால் தெரியும். தசைக்குத் தள்ளும் வலு இருக்கிறதா என்பது தெரியாது. பேரியம் கலந்ததை விழுங்க வைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். ஒரு ஸ்பூனுக்கு மூன்று முறை விழுங்கினார். அப்படியும் மிச்சம் தொண்டையில் தேங்கி, கொஞ்சம் மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிந்தது. இத்தனை நாளும் இதோடா சாப்பிட்டார் என்று அழுதுவிட்டேன்.

அழற்சியை அடக்க ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், 5 நாள் இம்யூனோகுளோபுலின் ஊசி கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கை முதலில் தேறியது, தொண்டை மெதுவாகத்தான்.

விழுங்கக் கற்றுக்கொடுத்தது ஸ்பீச் தெரபிஸ்ட். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் முதலில் நிறுத்தச் சொன்னது அண்ணாந்து குடிப்பதை. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நேராக மூச்சுப் பாதைக்கே ஓடும். முகவாயைத் தாழ்த்தி, ஒரு வாய், விழுங்கி, மறுபடி விழுங்கி, பிறகு அடுத்த வாய். அம்மாவுக்கு டம்ளரில் வாய் வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எச்சில் பார்த்தே வளர்ந்தவர். அவருக்கென்று தனி டம்ளர் வாங்கி, பேர் வெட்டிக் கொடுத்த பிறகுதான் வாய் வைத்தார்.

மதுரையிலிருந்து, மகன்:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு வேறு வகை, இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ். வயது 68. சட்டைப் பித்தான் போட விரல் மடங்காது, தொடை சூம்பிவிட்டது. இதற்கு ஸ்டீராய்டு கேட்பதில்லை. உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் தசை விழுங்கும்போது விரிந்து கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது இறுகியே நின்றது. சாப்பாடு நுரையீரலுக்குள் போய், இரண்டு தடவை நிமோனியா வந்து படுத்த பிறகுதான் தொண்டையைக் கவனித்தோம். பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். மறுவாரம் சட்னியில் ஊறப்போட்ட இட்லி ஒன்றரை சாப்பிட்டார். எட்டு மாதம் கழித்து மறுபடி இறுகியது, மறுபடி விரித்தார்கள். இருமல், காய்ச்சல் என்றால் சளி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

சேலத்திலிருந்து, நோயாளியே எழுதுகிறேன்:

எனக்கு 29 வயது, பாலிமயோசைட்டிஸ். தோலை விட்டுவிட்டுத் தசையைத் தாக்கும் வகை. வீட்டில் சமாளித்துவிடுவேன், கல்யாணப் பந்திதான் பயம். பக்கத்து இலை முடிந்து எழும்போது நான் இரண்டாம் கவளத்தில் இருப்பேன். பேசிக்கொண்டே சாப்பிட்டால் எனக்குப் புரையேறும், பேசாமல் இருந்தால் கோபமா என்பார்கள். இப்போது தங்கையிடம் சொல்லிவைத்து, கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருகிறேன். மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் கேளுங்கள். சிலதைப் பொடிக்கவே கூடாது. அக்கா, ஒரு சந்தேகம். டம்ளரில் அடியில் இருப்பதைக் குடிக்கத் தலை தானாகப் பின்னால் போகிறதே, அம்மா என்ன செய்கிறார்?

திருச்சியிலிருந்து, மகள்:

வாய் அகன்ற டம்ளராகப் பார்த்து வாங்கினேன்ம்மா. காபியை டபராவிலேயே குடிக்கிறார். அடியில் இருக்கும் இரண்டு வாயை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அது செடிக்குப் போகிறது.