ஒரே மோட்டாரில் நாலு வேலையா? பெல்ட் புராணம்

பெரம்பூர் லேத்:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் தெம்பாக எழுதியிருந்தார்: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரே மோட்டார் போதுமாம், பெல்ட்டை மாற்றினால் அதுவே புல் வெட்டும், மண் கிளறும், மருந்து அடிக்கும், சருகு ஊதுமாம். படித்ததும் டீ புரையேறிவிட்டது. 14 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால்தான் அதன் முனை நொடிக்கு 52 மீட்டர் ஓடும். வேகம் பாதியானால் புல் வெட்டுப்படாது, கிழியும். மறுநாள் நுனியெல்லாம் பழுப்பு. மண் கிளறும் கத்திக்கோ 140 சுற்று போதும். இருபதில் ஒரு பங்கு! மோட்டாரில் 2 அங்குல புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டால் கத்திப் பக்கம் 40 அங்குலம் வேண்டும். என் இடுப்பு உயரம். அதை யார் தள்ளுவது?

வியாசர்பாடி வெல்டர்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் அண்ணே. எல்லாவற்றையும் ஒரே தாவலில் ஏன் குறைக்க வேண்டும்? நடுவில் ஒரு ஷாஃப்ட். 2 அங்குல புல்லிக்கு 9 அங்குல புல்லி, மறுபடி 2க்கு 9. நாலரை மடங்கு இரண்டு தடவை, கிட்டத்தட்ட இருபது மடங்கு. கணக்கு சரியாக வந்துவிட்டது. பெல்ட் போதும். கல்யாண மண்டபத்து கிரைண்டர் எதில் ஓடுகிறது? பெல்ட்டில்தானே?

பெரம்பூர் லேத்:
கிரைண்டருக்குள் இருப்பது ஊறவைத்த அரிசி. நம் ஏரியா மண்ணில் இருப்பது செங்கல் துண்டு, பாட்டில் ஓடு, யாரோ எப்போதோ புதைத்த இரும்புக் கம்பி. பெல்ட் வழுக்கும். கியர்பாக்ஸ், அதாவது பல்சக்கரப் பெட்டி, இல்லாமல் நடக்காது.

வியாசர்பாடி வெல்டர்:
வழுக்கட்டும் என்றுதானே பெல்ட் போடுகிறோம்! கல் சிக்கினால் பெல்ட் வழுக்கும், மோட்டார் பிழைக்கும். உங்கள் கியர்பாக்ஸில் பல் உடையும். அப்புறம் அதை வெட்டித் தர ஒரு பட்டறை வேண்டும். அந்தப் பட்டறை யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

மாதவரம் மாடித்தோட்டம்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். மருந்து அடிக்கும் குழாயை மாட்டும்போது கீழே பிளேடு சுற்றிக்கொண்டே இருக்குமா, நிற்குமா? அமெரிக்காவில் 1982 முதல் கைப்பிடியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் மிஷினில் அதற்கு என்ன வழி?

பெரம்பூர் லேத்:
அதெல்லாம் பிறகு. முதலில் பெல்ட்டுக்கு வருவோம். தம்பி, 1 குதிரைத்திறன் மோட்டார் 140 சுற்றில் கிட்டத்தட்ட 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். உங்கள் இரண்டாவது பெல்ட்டின் சின்னப் புல்லி விளிம்பில் 45 கிலோ இழுவை. 2 அங்குல புல்லியில், ஒற்றை பெல்ட்டில், காலைப் பனியில் நனைந்த புல்லுக்கு மேலே! எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

வியாசர்பாடி வெல்டர்:
எழுதிக்கொண்டேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்: பெல்ட் போதும்.

எண்ணூர் உப்புக்காற்று:
சும்மா படித்துக்கொண்டிருந்தேன், சிரிப்பு தாங்கவில்லை. வடசென்னையில் யாருக்கப்பா லான்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் வாசல் வரை ஏறியது. புல் இருந்த இடத்தில் கருப்புப் பிசின். உங்கள் மோட்டார் எங்கள் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்று முதலில் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வெல்டர்:
இருப்பவர்களுக்குத்தான் பேசுகிறோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் புல் இல்லையா? மாதவரம் பால் பண்ணைப் பக்கம் இல்லையா?

பெரம்பூர் லேத்:
புல்வெட்டி பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டியைச் செய்ததே, துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சீவும் ஆலை மிஷினைப் பார்த்துத்தான். அவர் செய்ததில் கியர்தான் இருந்தது. கியர்! எங்கப்பா பின்னி மில்லில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். அந்த மாதிரி மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்த கை.

எண்ணூர் உப்புக்காற்று:
பட்டிங் பார்த்தது கம்பளித் துணி மிஷின் சார். பின்னியில் ஓடியது காக்கிப் பருத்தி.

பெரம்பூர் லேத்:
பருத்திக்கும் சீவும் மிஷின் உண்டு. மில்லுக்குள் கால் வைத்திருந்தால் தெரியும்.

வியாசர்பாடி வெல்டர்:
அண்ணே, பட்டிங் செய்தது உருளைக் கத்தி. கத்தரிக்கோல் மாதிரி, கீழே ஒரு நிலைக்கத்தி மேல் உரசி வெட்டும். அதற்கு 2800 சுற்றே தேவையில்லை. உங்கள் முதல் பதிவையே நீங்கள் கவிழ்த்துவிட்டீர்கள்.

பெரம்பூர் லேத்:
நான் பேசியது தட்டைச் சுழல் பிளேடு. நீங்கள் எழுதியதும் அதுதான். இப்போது உருளைக்குத் தாவாதீர்கள். பெல்ட் வழுக்குமா வழுக்காதா?

மாதவரம் மாடித்தோட்டம்:
என் வீட்டுப் புல் மொத்தமே 15க்கு 20 அடி. மாதம் ஒருமுறை ஒரு அம்மா வந்து அரிவாளால் அரை மணியில் முடித்துவிட்டுப் போகிறார். அந்த அளவுக்கு எந்த மிஷின் சரி என்று கேட்கத்தான் வந்தேன். 3 நொடிக் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

வியாசர்பாடி வெல்டர்:
வரும் மேடம், வரும். இவர் பெல்ட்டை விட்டால் வரும்.

பெரம்பூர் லேத்:
நான் விட மாட்டேன். ஏன் தெரியுமா? போன பொங்கலுக்கு முன்னால் என் பட்டறையில் இருந்து பேரிங் புல்லர் (பேரிங்கைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கிக்கொண்டு போனவர், இன்றுவரை திருப்பித் தரவில்லை. இரவல் புல்லரில் பேரிங் கழற்றுகிறவர் எனக்கு டிசைன் சொல்கிறார்.

வியாசர்பாடி வெல்டர்:
அதன் ஒரு கால் ஏற்கெனவே வளைந்திருந்தது. வெல்டு வைத்து நிமிர்த்தியதற்கு நான் காசு கேட்டேனா?

பெரம்பூர் லேத்:
புல்லர் காலில் வெல்டு வைத்தீர்களா? அது பதம் ஏற்றிய ஸ்டீல், வெல்டு சூட்டில் பதம் போய்விடும்! ஐயோ, சொல்லாமல் செய்திருக்கிறார் பாருங்கள். இனி அது எதற்கு ஆகும்?

எண்ணூர் உப்புக்காற்று:
பெல்ட் மாட்ட ஆகும்.

பெரம்பூர் லேத்:
சிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு மிஷினோடு வரச் சொல்லுங்கள். ஈரமண்ணில் ஓட்டிக் காட்டட்டும். 2க்கு 9, 2க்கு 9. வழுக்கும்.

வியாசர்பாடி வெல்டர்:
ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. பெல்ட் போதும்.